சுக்கு உறுமுவதை நிறுத்திய நாள்

நிலவு, தென்முனை, நான்காம் நிலையம்
பதிவு: டாக்டர் முத்துப்பேச்சி, கால்நடை மருத்துவர்

நாள் 61. 07:10
சுக்கு: கோம்பை நாய், பெண், மூன்று வயது. காலை உணவைச் சுத்தமாகத் தின்றுவிட்டாள். நாடித் துடிப்பு சரி. உற்சாகத்தில் ஒரு தாவு தாவி மறுபடியும் கூரையில் முட்டிக்கொண்டாள். இங்கே எடை ஆறில் ஒரு பங்குதான் என்று இந்தக் கழுதைக்கு எப்போது புரியுமோ.

நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். பொறியாளர் சகாயராஜ் தூத்துக்குடிக்காரன். இயந்திரக் கூடம் அவன் பொறுப்பு. வசிப்புக் கூடத்தில் நான் சுக்குவைப் பழக்குகிறேன். கருகிய வயரை முகர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். வரிசையாக டப்பாக்கள், ஒன்றில் மட்டும் வயர்; அதன் முன் உட்கார்ந்து காட்ட வேண்டும். இன்று பத்துக்கு ஒன்பது சரி.

நாள் 64. 13:30
சகாயராஜ் சாப்பிட வந்தான். சுக்கு பல்லைக் காட்டி உறுமினாள். போன வாரம் வரை அவன் மடியில் தூங்கியவள். திரும்பிப் போன பிறகு இண்டர்காமில் பொரிந்து தள்ளினான்:

"யக்கா, ஒங்க நாய்க்கு என்ன கோட்டி புடிச்சிருக்கா? நேத்து எங் கையில தின்னுட்டு இன்னைக்குக் கடிக்க வருது! நான் என்ன செஞ்சேன் அதுக்கு?"

நாய்க்கு ஆள் தரம் தெரியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். படித்த நான் அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் குறித்துவைக்கிறேன்.

நாள் 65. 09:00
உறுமல் நாயின் எச்சரிக்கை. அதை அடக்கக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். இதைப் பதினைந்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் இருப்பதே இரண்டு பேர், தினமும் சண்டை என்றால் எப்படி? அவனைப் பார்த்து உறுமாமல் உட்கார்ந்தால் ஒரு நெத்திலிக் கருவாடு. மாலைக்குள் புரிந்துகொண்டாள். சமத்து.

நாள் 69. 11:40
தலைவலி, மூன்றாவது நாளாக.

உறுமல் முழுக்க நின்றுவிட்டது. சகாயராஜ் வந்தாலே அவன் காலடியில் போய் வாயை மூடி உட்கார்ந்து அவனையே பார்க்கிறாள். வைத்த கண் வாங்குவதில்லை. எனக்காகக் காவல் காக்கிறாள் என்று தோன்றுகிறது.

காரணம் இல்லாமலா? இயந்திரக் கூடத்தில் அவன் நாலு மணி நேரம் என்ன செய்கிறான்? கேட்டால் எரிந்து விழுகிறான். இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள் இடம் மாறியிருக்கின்றன. "ஒங்க தண்ணி டேஸ்ட் ஒரு மாதிரி இருக்காக்கா?" என்று நேற்று இண்டர்காமில் கேட்டான். அதில் எதையாவது கலந்துவிட்டு ஆழம் பார்க்கிறானோ?

நாள் 71. 10:15
சிலிண்டர்களை எல்லாம் என் பக்கம் கொண்டுவந்துவிட்டேன்.

சுக்குவுக்கு "மறி" கட்டளை பழக்கினேன். கதவுக்குக் குறுக்கே படுத்து, யார் கை வைத்தாலும் விடக் கூடாது. காவல் கோம்பைக்கு ரத்தத்திலேயே இருக்கிறது, ஒன்றரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. எந்தக் கட்டளைக்கும் முன்னால் அதை நிறுத்தும் "விடு" பழக்குவதுதான் என் வழக்கம். இந்த ஒரு தடவை நேரமில்லை.

நாள் 72. 10:20
அவன் இயந்திரக் கூடத்துக்குள் போனதும் இடைக்கதவைச் சாத்தித் தாழிட்டேன். "மறி" என்றேன். சுக்கு படுத்துக்கொண்டாள். அப்பாடா.

10:32
"யக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு. அந்தப் பக்கம் தாழ் விழுந்துட்டு போல. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். தாழ் சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

11:05
"யக்கா, வெளையாடாதீங்க. தலை கிர்ருனு சுத்துது. கண்ணு இருட்டிட்டு வருதுக்கா."

இந்தப் பசப்பெல்லாம் என்னிடம் செல்லாது.

12:30
பூமிக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரெஜினா:

"மேடம், குளிரூட்டும் குழாய்ல எட்டு நாளா அழுத்தம் கொஞ்சங் கொஞ்சமா இறங்கியிருக்கு. நாங்க இப்பத்தான் கவனிச்சோம், மன்னிச்சிடுங்க. கசிவு இயந்திரக் கூடத்துல. மனுஷ மூக்குக்கு அந்த வாடை தெரியாது. மொதல்ல தலைவலி வரும், அப்புறம் கூட இருக்கிறவங்க மேலயே சந்தேகம் வரும்னு டாக்டர் சொல்றார். ரெண்டு பேரும் மாஸ்க் போட்டுக்கிட்டு வசிப்புக் கூடத்துக்கு வந்துடுங்க. சகாயராஜ் பக்கத்துல இருக்காரா?"

இவளிடமும் பேசிவைத்திருக்கிறான். எட்டு நாள் என்று எவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறாள் பாருங்கள்.

12:48
எட்டு நாள். சுக்கு உறுமத் தொடங்கியது 64ஆம் நாள்.

மனிதர்களை நம்ப வேண்டாம். நாயைக் கேட்டால் தெரிந்துவிடும். கதவருகிலேயே, அவள் எட்டும் இடத்தில், ஐந்து டப்பாக்களை வைத்தேன். நான்கில் புதுத் துணி. ஒன்றில் சகாயராஜ் சாப்பாட்டு மேஜையில் விட்டுப்போன கையுறை.

12:55
மூன்றாவது டப்பா முன் வாயை மூடி உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கையுறை அதில்தான். இடம் மாற்றினேன். மறுபடியும் அதன் முன்னால்தான். அவன் உடம்பில் படாத பழைய குழாய் ரப்பர் ஒன்று, அந்தக் கூடத்திலிருந்து வந்தது, அதையும் வைத்தேன். அதன் முன்னாலும் உட்கார்ந்தாள்.

பிறகு என் சட்டைக் கையை நீட்டினேன். முகர்ந்தாள். உட்கார்ந்தாள். கருவாட்டுக்காகக் காத்திருந்தாள்.

அவள் உறுமியது அவனைப் பார்த்து அல்ல, அவன் மேல் இருந்த வாடையைப் பார்த்து. எட்டு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் கருவாடு கொடுத்து அவள் வாயை அடைத்தேன். ஐயோ, நான் என்ன காரியம் செய்துவிட்டேன். அந்தப் பிள்ளையை உள்ளே வைத்து அடைத்துவிட்டேனே.

13:09
மாஸ்க் போட்டுக்கொண்டேன். கதவைத் திறக்கப் போனேன். தாழில் கை வைத்ததும் சுக்கு கடித்துவிட்டாள். வலது கை, எலும்பு வரை. உறுமல் இல்லை, பல் காட்டவில்லை, எந்த அறிகுறியும் இல்லை. கடித்துவிட்டுத் திரும்பக் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"விடு" என்கிறேன். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாது.

13:16
இடது கையால் இதைத் தட்டச்சு செய்கிறேன். கருவாட்டு டப்பா முழுவதையும் கூடத்தின் மறுகோடிக்கு எறிந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் எட்டு நாளாக இதே காற்றைத்தான் சுவாசிக்கிறாள்.

13:20
"யக்கா... சுக்கு சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாப்பா. நீ தூங்கிராத. சகாயம், தூங்காதய்யா. பேசிக்கிட்டே இரு. அக்கா வாரேன்."

13:24
இரண்டாவது முறை. தோளில் கடி. தாழ் பாதி நகர்ந்திருக்கிறது. இண்டர்காமில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நாயை ஒன்றும் செய்துவிடாதீர்கள். சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்கிறாள். தப்பு முழுக்க என்னுடையது, முத்துப்பேச்சியுடையது, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

13:29
மூச்சுச் சத்தம் கேட்கவில்லை.

நாற்காலியை முன்னால் பிடித்துக்கொண்டு போகிறேன், கை ஒழிவில்லை, பேசப் பேசப் பதிவாகிறது. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வால் ஆடுகிறது. உறுமு சுக்கு, ஒரே ஒரு தடவை உறு