சவரிக்காட்டு வளைவில் நான் பார்த்தது

எந்நேரமும் என்னோடு மல்லுக்கு நின்ற என் அண்ணனுக்கு,

நீ எங்களை விட்டுக் கண்ணை மூடியபிறகு வந்த முதல் சைக்கிள் பந்தயம் முடிந்தது. நாலு நாளும் மழை. மொத்த வெற்றிக்கான மஞ்சள் சட்டை யாருக்கு, மலையேற்றச் சட்டை யாருக்கு என்று நடுவர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நம் மனசை அசைத்த ஓட்டக்காரனுக்கு நம் ஊர்க்காரர்கள் கொடுக்கும் மலைப்பூண்டு மூட்டைக்குத்தான் வழக்கம்போலப் பெருமாள்மலை டீக்கடையில் வாய்ச்சண்டை. இந்த வருடம் அந்த விருதுக்கு உன் பேரை வைத்திருக்கிறோம்.

நீ போட்ட சட்டம் அப்படியே இருக்கிறது. ஆளுக்கொரு வளைவில் நிற்க வேண்டும். கண்ணால் பார்த்ததை மட்டும் பேச வேண்டும். உன் சவரிக்காட்டு வளைவில் இந்த முறை நான் நின்றேன்.

கடைசி நாள், பழனியிலிருந்து கொடைக்கானல் ஏற்றம். உன் மகன் சரவணன் எல்லோரையும் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக முன்னால் வந்தான். என்ன ஓட்டு! தொண்டை கிழியக் கத்தினேன். கொடைக்கானலை நெருங்கும்போதுதான் அவனைப் பிடித்தார்களாம்.

டீக்கடையில் பூம்பாறைக் காளியப்பன் மாமா ஆரம்பித்தார். "இதுல பேச என்ன கெடக்கு? அப்பன் பேருல உள்ள மூட்டை, மகனுக்குத்தான். வெரசா முடிங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். சரவணனும் அங்கேதான் இருந்தான், முகமெல்லாம் ஆசையோடு.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அண்ணே, நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேனே.

சரவணன் போன கொஞ்ச நேரத்தில் ரிதுல் என்ற அசாம்காரனும் அவன் அணித் தலைவனும் வந்தார்கள். வளைவிலேயே தலைவனின் முன்சக்கரம் பஞ்சர். ரிதுல் யோசிக்கவேயில்லை, தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்து அவனைத் தள்ளிவிட்டான். அந்தத் தலைவன்தான் மஞ்சள் சட்டை வாங்கினான். ரிதுலும் லேசுப்பட்டவன் இல்லை, மொத்தக் கணக்கில் அன்று காலைவரை மூன்றாவதாக இருந்தவன். அணி வண்டி வரும்வரை மழையில் நின்றான். சும்மா நின்றானா? தன்னைத் தாண்டிப் போன ஒவ்வொருத்தனுக்கும், எதிரணிக்காரனுக்கும்கூட, கைதட்டினான். அப்படி ஒரு மனசை வேறெங்கே பார்ப்பேன்?

சொல்லிவிட்டேன். மாமா டீயைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் புள்ளைக்குத்தான் தாயி."

சரவணன் எழுந்தான். மூட்டையைத் தூக்கிப்போய், ஊர் திரும்பும் வழியில் டீ குடிக்க வெளியே அணி வண்டியருகே நின்ற ரிதுலின் தோளில் வைத்துக் கட்டிப்பிடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் என்னிடம் வந்தான்.

"நீங்க சொன்னது சரிதான் அத்தை. ஆனா அப்பா பேருல ஒண்ணு கையில வாங்கணும்னு இருந்துச்சு." சொல்லும்போதே உடைந்துபோனான். நானும்தான்.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? சொல்லியிருப்பாயா, விழுங்கியிருப்பாயா?

அடுத்த வருடமும் அதே வளைவில் நிற்பேன், பார்த்ததைத்தான் சொல்வேன். சரவணன் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறான். இன்றைக்கும் வெள்ளனே எழுந்து சைக்கிளோடு போய்விட்டான். அவனுக்கு இல்லை என்று ஊர் நடுவே சொன்ன இதே வாய்தான், "சாப்பிட வாடா" என்று அவனைத் தினமும் கூப்பிடும் அண்ணே.

இப்படிக்கு,
உன் வாயாடித் தங்கச்சி, சரவணனின் அத்தை