சந்திரலோகத்து ஒற்றைக்கால் சண்டை

சென்னை, 1951 ஆடி

அம்மாவுக்கு, நல்லக்கண்ணு வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

இங்கே சினிமாவில் சந்திரலோக வாள்வீரர்களுக்குப் புதுச் சண்டைமுறை கேட்டார்கள். நம்மூர்க் கோமதியம்மன் தபசு நிற்பதுபோல் ஒற்றைக்காலில் நின்று வீச வேண்டும், தூக்கிய காலை ஊன்றினால் தோல்வி என்றேன். எல்லாருக்கும் பிடித்துவிட்டது.

நேற்றுப் படப்பிடிப்பில் மரவாளுக்குப் பதில் யாரோ நிஜ வாளைக் கொடுத்துவிட்டார்கள். எதிரே நின்று அதை வீசிய ராயகிரி சங்கரநயினார் வாளைக் கீழே போட்டுவிட்டு, "ஏலே, தெரியாம வீசிட்டேன்லே!" என்று கத்தினான். பயப்படாதே, தூக்கியிருந்த காலில் ஒரு கீறல்கூட இல்லை.

தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வர முடியாது. முடிந்தால் எனக்கும் சேர்த்துக் கோயிலைச் சுற்று. பூசிக்கொள்ளக் கோயில் புற்றுமண் கொஞ்சம் அனுப்பு.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். நானும் நிற்கிறேன் அம்மா, இப்போதும் ஒற்றைக்காலில்தான். நேற்றுத் தூக்கியிருந்த காலில்.