வாடல் நோய்க்குக் காரணம்

திருப்பதி, டிசம்பர் 1974

பிரியமானவருக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அகில இந்தியத் தாவரவியல் சங்கத்துக்குத் தலைவியானதும், இளம் ஆய்வாளர்களுக்கும் மேடை தர வேண்டும் என்று சண்டை போட்டேனே, அதே மேடையில் இன்று நகரி ஊரைச் சேர்ந்த இளம் ஆய்வாளர் தாட்சாயணி ஏறினாள். வேர்க்கடலைச் செடியின் வாடல் நோய்க்கு நான் இருபது வருஷமாகச் சொல்லிவரும் காரணம் தவறு என்றாள். எனக்குக் காது அடைத்துப்போனது.

"உக்காரும்மா," என்று செயலாளர் அதட்டினார்.

"அவ முடிக்கட்டும்," என்றேன். பேசியது நான்தானா என்று எனக்கே தெரியவில்லை.

முடித்தாள். அவள் காட்டிய சோதனை முடிவுகளைப் பார்த்தால், அவள் சொன்னதுதான் சரி. சங்கத்தின் இந்த வருஷத்து மெடல் அவளுக்கே என்று நானே அறிவித்தேன்.

நாளை மாலை அதை நான்தான் அவளுக்குப் போட்டுவிட வேண்டும். இதைக் கொண்டுவரும் டிரைவரோடு நீங்களும் சித்தூரிலிருந்து கிளம்பி வந்துவிடுங்கள். முன் வரிசையில் நீங்கள் இருந்தால் என்னால் நிற்க முடியும்.

உங்கள் மனைவி