சாய்த்துப் பிடிக்க ஓர் ஆள்

அன்புள்ள அம்மாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகவே இருக்கிறேன். நீ, மாப்பிள்ளை, பேரன், உன் அம்மா நாலு பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத் தேவையே இல்லை, தினமும் சாயங்காலம் ஃபோனில் நாலு முகத்தையும் பார்த்துவிடுகிறேன், ஆனாலும் காகிதத்தைக் கையில் எடுத்தவன் அதைக் கேட்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது, அதனால் கேட்டுவிட்டேன். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனை நீங்கள் மேசை மேல் நிறுத்தி வைத்துவிடுகிறீர்கள், பேரன் அதைப் பிடித்து நக்குகிறான், மாப்பிள்ளை பின்னாலிருந்து கை ஆட்டுகிறார், நீ நடுவில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாய், உன் அம்மா சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், நான் சாப்பிட்டேன் என்கிறேன். அந்தச் சந்தை இரைச்சலில் சொல்ல முடியாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் வாஷிங் மெஷின் கதையைச் சொல்லியாக வேண்டும். பொறுமையாகப் படி, பேரன் தூங்கும்போது படி.

உன் பிரசவத்துக்கு உன் அம்மா அங்கே கிளம்பும்போது மெஷின் மேல் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனாள். வெள்ளை தனி, கலர் தனி, தூள் ஒரு மூடி போதும், மூன்றாவது பட்டனை மட்டும் தொடாதீர்கள். முப்பத்தொரு வருடம் ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய்க் கரண்ட் மீட்டர் படித்தவன் நான், என் வீட்டு மெஷினின் மூன்றாவது பட்டனுக்குப் பயந்து இரண்டு மாதம் வாளியிலேயே துவைத்தேன். போர்வையை வாளியில் போட்டால் வாளிதான் கவிழ்கிறது என்று தெரிந்த பிறகுதான் மெஷினிடம் போனேன். ஓர் ஆளின் துணி அந்த டிரம்மை நிரப்ப ஒன்பது நாள் ஆகிறது. நாம் மூன்று பேர் இருந்தபோது அது ஒருநாள் விட்டு ஒருநாள் உறுமிக்கொண்டிருந்தது, உனக்கு நினைவிருக்கும், பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று சண்டை போடுவாய். இப்போது ஒன்பது நாளுக்கு ஒரு தரம் அது உறுமும்போது வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்பது போல இருக்கிறது. நின்றதும் சட்டென்று காது அடைக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் சமையலறைக் கால்மிதி நனைந்திருந்தது. கெட்டிலைச் சந்தேகப்பட்டேன், குழாயைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் தண்ணீர் மெஷினுக்கு அடியிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. தரையைத் துடைத்துக் காயவைத்து, மெஷினைச் சுற்றிப் பழைய நியூஸ்பேப்பரை விரித்து, எந்தப் பக்கத்துக் காகிதம் முதலில் நனைகிறது என்று பார்க்க முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். ஒரு மணி ஐந்து நிமிடம். என் மூன்று சட்டையும் ஒரு துண்டும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்ததை முழுதாகப் பார்த்தேன். முதலில் முன்பக்கம் வலது மூலை நனைந்தது. அங்கே ஒரு சின்னக் கதவு, அதற்குள் ஒரு திருகு மூடி, அதுதான் பில்டர். தட்டு வைக்காமல் திறந்துவிட்டேன், உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் என் மடியில். அதோடு என்னென்ன வந்தது என்கிறாய், பஸ் டிக்கெட் கூழ், பேனா மூடி, இரண்டு ஸ்க்ரூ, சட்டைப் பொத்தான். எல்லாம் என் பையிலிருந்து போனவை. இத்தனை வருடம் ஒவ்வொரு சட்டையையும் மெஷினில் போடுவதற்கு முன்னால் உன் அம்மா என் பையைத் துழாவிக் காலி செய்திருக்கிறாள், அப்படி ஒரு வேலை இந்த வீட்டில் நடந்ததே எனக்குத் தெரியாது.

பில்டரைக் கழுவி இறுக்கி மூடினேன். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் ஒழுகியது. சரி, மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று காலையில் ஃபோன் செய்தேன். அவர் எடுத்து ஹலோ என்கிறார், எனக்குச் சத்தமே வரவில்லை, தொண்டை ஒட்டிக்கொண்டது. யாருங்க, பேசுங்க என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சளி என்று நினைக்காதே. முந்தின நாள் முழுக்க என்ன பேசினேன் என்று எண்ணிப் பார்த்தேன். உங்களிடம் சாப்பிட்டேன், சரி, வைக்கட்டுமா. காலையில் எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவிடம் எட்டே கால். அவ்வளவுதான். வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பாரே, அவர்தான், தினமும் வேலைக்குக் கிளம்பும்போது என் கதவைத் தட்டி, சார், மணி என்ன ஆச்சு என்று கேட்பார், நான் சொல்வேன், போய்விடுவார். கையில் வாட்ச் கட்டியிருப்பார். ஓடாத வாட்ச் போல என்று நினைத்துக்கொள்வேன்.

தண்ணீர் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்து இரண்டு தரம் ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, மறுபடி ஃபோன் செய்தேன். மெக்கானிக்குக்கு நாலு நாள் கழித்துத்தான் வர முடியுமாம். ஆனால் நல்ல மனுஷன், வழி சொன்னார். "ப்ளக்கைப் பிடுங்கிடுங்க, தண்ணிக் குழாய மூடிடுங்க, மெஷினைப் பின்னால சாய்ச்சு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. டிரம்முக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதுதான் விட்டிருக்கும். ஆனா தனியா சாய்க்காதீங்க பெரியவரே, வீட்ல யாரையாவது பிடிச்சுக்கச் சொல்லுங்க." சரிங்க என்று வைத்தேன். வீட்டில் யாரையாவது. கூடத்தைப் பார்த்தேன், உன் பழைய அறையைப் பார்த்தேன். பிறகு தனியாகத்தான் சாய்த்தேன். தோளால் முட்டுக் கொடுத்து முக்காலியை அடியில் தள்ளினேன், முக்காலி வழுக்கியது, மெஷின் இறங்கியது, இடது கை நடுவிரல் மாட்டியது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே, நகம் மட்டும் கறுத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நிமிடம், விரல் மாட்டியபடி, ஃபோன் கூடத்தில் இருக்க, யாரைக் கூப்பிடுவது என்று எனக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. எப்படியோ முழங்காலால் நெம்பி எடுத்தேன். அன்று சாயங்காலம் உங்களோடு பேசும்போது இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். கையை ஏன் மறைக்கிறீங்க என்று உன் அம்மா கேட்டாள், குளிருது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

இன்னொன்றையும் அதே நாளில்தான் நீ கேட்டாய். அம்மா இன்னும் ஆறு மாதம் இங்கேயே இருக்கட்டுமாப்பா, நான் வேலைக்குத் திரும்பணும், குழந்தையை வெளியாள்கிட்ட விட மனசு வரலை என்றாய். நான் சரி என்றேன். உன் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது, உன் அம்மா பேரனை மடியில் குதிக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், இதில் குறுக்கே நிற்க நான் யார் என்று தோன்றியது. சரி என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. விரலில் துணி சுற்றிக்கொண்டு டைப்பிஸ்ட் அம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். பதினோரு வருடமாக எதிரெதிர் வீடு, அந்தக் கதவை நான் தட்டுவது அதுதான் முதல் தடவை. ஊரெல்லாம் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிழைத்தவன், மூன்றடி தள்ளி இருக்கும் கதவுக்குத் தயங்கி நின்றேன். ஒரு மெஷினைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும், ஆள் இல்லை என்றேன். கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். பார்க்கத்தான் ஒல்லி, பிடி என்றால் உடும்புப் பிடி. மெஷினைச் சுவரோடு சாய்த்து அவர் தோளால் தாங்கிக்கொண்டார், நான் டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்து அடியில் தலையை விட்டேன். அவருக்கு என் கால் மட்டும்தான் தெரியும், எனக்கு அவர் பாதம் மட்டும்தான் தெரியும். அதனாலோ என்னவோ அவர் பேச ஆரம்பித்தார்.

"சார், நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். நான் தினம் மணி கேட்கிறது மணி தெரியாம இல்லை. உங்க வீட்டு அக்கா ஊருக்குப் போகும்போது சொல்லிட்டுப் போனாங்க. அவரு எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாரு, காய்ச்சல் வந்தாலும் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவாரு, தினம் காலைல ஒரு தடவை குரல் கேட்டுடுன்னாங்க. வேற என்ன கேட்கிறதுன்னு தெரியல, மணி கேட்டேன்" என்றார். நான் டார்ச்சை இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் தோளை மாற்றிக்கொண்டு, "நேத்து அக்கா ஃபோன் பண்ணினாங்க" என்றார். "மக ஆறு மாசம் இருக்கச் சொல்றா, அவரு ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம், தண்ணி வேணுமான்னு கேட்டா சொல்ற மாதிரி சரின்னுட்டாரு, நான் இல்லாமலே அவருக்குப் பழகிப்போச்சு போலன்னாங்க. குரலே நல்லா இல்ல சார்" என்றார்.

அம்மாடி, அப்போது டார்ச் வெளிச்சத்தில் அந்த ரப்பர் குழாய் எனக்கு நேராகத் தெரிந்தது. ஒரு ஸ்க்ரூ உள்ளிருந்து குத்தி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதுவும் என் பையிலிருந்து போனதுதான், அதன் ஓரமாகத் தண்ணீர் முத்து முத்தாகக் கட்டியிருந்தது. பார்த்துக்கொண்டே படுத்துக் கிடந்தேன். கிடைச்சுதா சார் என்று கேட்டார். கிடைச்சுதும்மா என்றேன். அப்புறமும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

குழாயைப் பிடித்திருந்த கிளிப்பைக் குறடால் நெம்பிக் கழற்றி, குழாயைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினேன், மூன்றாவது கடைக்காரர் அதை முகர்ந்து பார்க்காத குறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து உள்ளே போய் அதே அளவில் ஒன்று கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி டைப்பிஸ்ட் அம்மா தோள் கொடுத்தார், நான் மாட்டினேன். கிளிப் போடத்தான் உயிர் போய்விட்டது, நடுவிரல் மடங்காமல் இந்த வேலை செய்வது எதிரிக்கும் வேண்டாம். பிறகு நியூஸ்பேப்பர் விரித்து ஒரு போர்வையும் நாலு சட்டையும் போட்டு ஓடவிட்டோம், அவர் நாற்காலியில், நான் முக்காலியில். கடைசிச் சுற்று முடிந்து நின்றபோது ஒரு காகிதம்கூட நனையவில்லை. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். இப்போதெல்லாம் அவர் மணி கேட்பதில்லை, எட்டே காலுக்கு நானே கதவைத் திறந்து மணியைச் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொண்டே போகிறார்.

டைப்பிஸ்ட் அம்மா சொன்ன அன்றைக்கே உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் தரையில் தண்ணீர் நிற்கும்போது வா என்று சொன்னால், துடைக்கக் கூப்பிடுகிறேன் என்றுதான் அவளுக்குப் படும். அப்படி அவள் வரக் கூடாது. அதனால் மெஷின் முடியட்டும் என்று இருந்தேன், அது முடிந்த பிறகும் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளை தனி, கலர் தனி போடுகிறேன், சட்டைப் பையைத் துழாவுகிறேன், சோறு வடிக்கிறேன், குழையாமல் வருகிறது. மூன்றாவது பட்டனைக்கூட ஒருநாள் அழுத்திப் பார்த்தேன், அது வெறுமனே நேரத்தைத் தள்ளி வைக்கிற பட்டன்தான், அதற்கா இவ்வளவு மிரட்டினாள் என்று கேள்.

ஆகையால் இப்போது சொல்கிறேன். அன்று நான் சொன்ன சரி பொய். எனக்கு அது சரியில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை அம்மாடி, ஐந்து மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு நீ படும் பாடு எனக்குத் தெரிகிறது, கேட்க உனக்கு உரிமை உண்டு. ஆனால் உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல். இங்கே அவள் செய்ய வேண்டிய வேலை எதுவும் பாக்கி இல்லை, துணி இல்லை, பாத்திரம் இல்லை, ஒழுகல் இல்லை, ஆனாலும் அவள் இல்லாமல் எனக்கு முடியவில்லை என்று நான் சொன்னதாகச் சொல். முப்பத்து நாலு வருடத்தில் இதைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததில்லை, அவள் எப்போதும் அடுத்த அறையில் இருந்தாள். பேரனை விட்டு வர அவளுக்கு மனம் இல்லை என்றால் அதுவும் நியாயமே. அப்படியானால் எனக்கு ஒரு டிக்கெட் போடு, நான் வருகிறேன். விமானம் என்றால் எனக்குப் பயம் என்று இத்தனை நாள் சொன்னது பாதிதான் உண்மை. அங்கே வந்து நான் என்ன செய்யப் போகிறேன் என்பதுதான் மீதிப் பாதி. நீ ஆபீஸ் போகும்போது பேரனைப் பார்த்துக்கொள்ள அவளோடு நானும் இருப்பேன். இதில் எது என்று அவளே முடிவு செய்யட்டும், எதுவானாலும் எனக்குச் சம்மதம், இது வாய்க்கு வந்த சரி இல்லை, யோசித்துச் சொல்வது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், அவர் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது. நீ வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் வீட்டு மெஷினுக்கும் கீழே ஒரு மூடி இருக்கும், மாதம் ஒருமுறை திறந்து கழுவு, திறக்கும் முன் தட்டு வை. பேரனுக்கு என் முத்தம், அவன் நக்குவது என் முகத்தைத்தான் என்று அவனிடம் சொல்லி வை. எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் நன்றாக இருங்கள். பதிலை உன் அம்மா கையெழுத்தில் எழுதி அனுப்பச் சொல், ஃபோனில் வேண்டாம்.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
அப்பா