மீட்டர் ஓடாத பன்னிரண்டு வீடுகள்

அனுப்புநர்:
லுபே கலாவுனி,
பத்தாம் ஆண்டு மாணவி,
பிலிபோ புலேதாமா அவர்களின் இல்லம்,
தேவாலயச் சாலை, ஹலாமாதா கிராமம்,
நியுவே தீவு.

பெறுநர்:
உயர்திரு பிலிபோ புலேதாமா அவர்கள்,
தலைவர், கிராம மன்றம்,
ஹலாமாதா.
(மேற்படி முகவரியே.)

பொருள்: ஆளில்லாத வீடுகள் என்று பட்டியலிடப்பட்ட பன்னிரண்டு வீடுகளை வரும் 15ஆம் தேதி இடிப்பதை நிறுத்தி வைக்கவும், அதற்கு முன் உரியவர்களுக்குக் கடிதம் எழுதவும் வேண்டுதல்.

பார்வை: 1. 7.8.2025 அன்று நிறைவேறிய மன்றத் தீர்மானம்.
2. 18.8.2025 அன்று மன்றக் கூடத்தின் கதவில் ஒட்டப்பட்ட பட்டியல்.
3. 20.8.2025 அன்று இரவுச் சாப்பாட்டின்போது தாங்கள் வாய்மொழியாக இட்ட உத்தரவு.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கு,

பார்வை மூன்றில் கண்ட உத்தரவுப்படி இந்த மனுவை எழுதுகிறேன். அன்று நான் பட்டியலைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது தாங்கள், "சாப்பிடும்போது கவுன்சில் பேச்சு வேண்டாம் புள்ள. வீட்டுல நான் உனக்கு மாமா. தலைவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னா ஊர்ல மத்தவங்க மாதிரி எழுதிக் குடு. அக்கா மகளுக்காகப் பட்டியலத் திருத்துனான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு" என்றீர்கள். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. ஆகவே மருமகள் என்ற உரிமையை விட்டுவிட்டு, கிராமத்தில் வசிப்பவள் என்ற முறையில் கீழ்க்கண்டவற்றைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. கடந்த பிப்ரவரிப் புயலில், ஆளில்லாத ஒரு வீட்டின் கூரைத் தகடு பறந்து வந்து போதகர் அவர்களின் மனைவியின் தோள் எலும்பை முறித்தது. அடுத்த புயல் காலத்துக்குள் அத்தகைய வீடுகளை இடித்துவிட வேண்டும் என்று மன்றம் நினைத்ததில் தவறில்லை. புல்டோசர் ஒரே ஒரு வாரம்தான் நம் பக்கம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். இவற்றை நான் மறுக்கவில்லை.

2. 7ஆம் தேதிக் கூட்டத்தில் செயலாளர் ஃபிஃபிதா அக்காவின் கண்ணாடி உடைந்திருந்ததால் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஆகையால் அன்று பேசப்பட்டவை என் கையெழுத்திலேயே உள்ளன. எது ஆளில்லாத வீடு என்று கூட்டம் அரை மணி நேரம் தகராறு செய்தது. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்லாதீங்கப்பா, ஒரு அளவுகோலச் சொல்லுங்க" என்று தாங்கள் கேட்டீர்கள். மோகா பெரியம்மா, "ஆளு இருக்கிற வீட்டுலயும் பாதிப் பேரு தூங்கிட்டுத்தான் இருக்கீங்க, அதையும் சேத்து இடிங்க" என்றார். (சிரிப்பு என்று குறித்திருக்கிறேன்.)

3. அப்போது நான் கையை உயர்த்தினேன். குறிப்பு எழுதுபவர் பேசக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். ஆனாலும் பள்ளியில் அந்த மாதம்தான் மின் மீட்டர் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "ரெண்டு வருஷமா மீட்டர் ஓடாத வீடு ஆளில்லாத வீடு" என்று சொன்னேன். கூட்டம் கை தட்டியது. தாங்கள், "பாத்தீங்களா, எங்க வீட்டுப் புள்ள!" என்றீர்கள். இருபத்து மூன்று பேர் கை உயர்த்த, எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது. அதை அழகாக எழுத வேண்டும் என்று மூன்று முறை படியெடுத்தேன்.

4. 18ஆம் தேதி பட்டியல் ஒட்டப்பட்டபோது கூடத்தின் வாசலில் நடந்தது தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தாங்கள் தோட்டத்தில் தாரோக் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தீர்கள். மோகா பெரியம்மா மூன்றாம் எண்ணில் விரலை வைத்து, "இது எப்படி ஆளில்லாத வீடாகும்? எங்க அக்கா வீடு. அவ சுருட்டி வச்ச பாய் வச்சபடியே இருக்கு" என்றார். தோமாசி தாத்தா, "நான் உன் அக்கா வீட்ட நெனச்சுல்ல கையத் தூக்குனேன்!" என்றார். "நான் உன் மகன் வீட்ட நெனச்சுத் தூக்குனேன்யா!" என்றார் பெரியம்மா. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பட்டியலை மறுபடி படித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. கை தூக்கியவர்களில் அந்தப் பட்டியலில் சொந்தக்காரர் வீடு இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. அடுத்தவர் வீடுதான் ஆளில்லாத வீடு, நம்முடையது ஆள் வரப்போகும் வீடு என்றே இருபத்து மூன்று பேரும் நினைத்திருக்கிறோம்.

5. ஏழாம் எண் என் தாயார் சேலுபா கலாவுனி அவர்களின் வீடு. அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆக்லாந்துக்கு முதியோர் இல்ல வேலைக்குச் சென்றார். சமையலறைச் சுவரில் பென்சிலால் என் உயரத்தைக் குறித்துவிட்டு, "ரெண்டு கிறிஸ்துமஸ். அடுத்த கோடு போட நானே வருவேன்" என்று சொன்னார். விமானநிலையத்திலிருந்து திரும்பியதும், தீப்பிடிக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தபடி, அந்த வீட்டின் மெயின் சுவிட்சை என் கையால்தான் அணைத்தேன். மீட்டரைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசிய எனக்கு அன்று இது நினைவுக்கே வரவில்லை.

6. அந்த வீட்டை நான் ஆளில்லாமல் விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் விமானம் வரும் நாட்களில், பள்ளி விட்டதும் போய் ஜன்னல்களைத் திறக்கிறேன், முற்றம் பெருக்குகிறேன், மழைநீர்த் தொட்டியில் விழுந்த இலைகளை எடுக்கிறேன். முற்றத்தில் இருக்கும் என் தந்தையாரின் கல்லறைக்குக் கடந்த மாதம்கூட வெள்ளையடித்தேன். புல்டோசர் கல்லறையைத் தொடாது என்று தாங்கள் உறுதி கூறியுள்ளீர்கள். ஆனால் பின்னால் வீடு இல்லாமல் கல்லறை மட்டும் சாலையைப் பார்த்தபடி இருப்பதை நினைத்துப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

7. நம் வழக்கப்படி பெண் பிள்ளைகள் வளர்ந்ததும் ஊர் கூட்டி நடத்தும் காது குத்து விழாவை எனக்கு அந்த வீட்டில்தான் நடத்துவேன் என்று தாயார் வாக்களித்திருக்கிறார். என் வகுப்பில் இன்னும் காது குத்தாதவள் நான் ஒருத்திதான். இங்கேயே தங்கள் வீட்டில் நடத்திவிடலாம் என்று தாங்கள் இரண்டு முறை அன்போடு சொன்னீர்கள். இரண்டு முறையும் பரீட்சை இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். பரீட்சை எதுவும் இருக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கோருகிறேன்.

8. தாயார் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசும்போது முதலில், "வீடு எப்படிடி இருக்கு?" என்றுதான் கேட்பார். நான் எப்படி இருக்கிறேன் என்பது அதற்கு அடுத்துத்தான் வரும். முன்பெல்லாம் இதற்கு எனக்குக் கோபம் வரும். இப்போது அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறேன். அவர் வீட்டை விசாரிக்கும்வரை திரும்பி வரும் எண்ணம் இருக்கிறது என்று பொருள். கடந்த இரண்டு ஞாயிறும், "நல்லா இருக்கும்மா, ஒரு தகடுதான் கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கு" என்று சொல்லி வைத்தேன். பட்டியலைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால், "சரி, வீடுதான் இல்லையே, நீ இங்க வந்துடு" என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். வீடு போய்விட்டால் அவர் வருவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் இருக்கிறேன், ஆனால் என்னை விமானத்தில் ஏற்றி அங்கே அழைத்துக்கொள்ள முடியும். வீட்டை முடியாது.

9. இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 25ஆம் தேதி திங்கட்கிழமை மாலை, மன்றத்தின் அனுமதி பெறாமல் அந்த வீட்டின் மெயின் சுவிட்சைப் போட்டு, முன்னறை விளக்கை ஏற்றினேன். மீட்டர் ஓடத் தொடங்கியது. தாரோக் கூடையோடு அந்த வழியாக வந்த மோகா பெரியம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, "லுபே! உங்கம்மா வந்துட்டாளாடி?" என்று கத்தினார். "இல்ல பெரியம்மா" என்றேன். "அப்புறம் எதுக்குடி விளக்கு?" என்றார். மீட்டர் ஓட வேண்டும் என்பதற்காக என்று விளக்கினேன். அவர் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த முதல் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். விளக்கு எரிகிற வீட்டைப் பார்த்து நம் ஊரில் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய சாதாரணக் கேள்விதான் அது. நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக அது என் காதில் விழுந்தது.

10. மறுநாள் மாலை மூன்றாம் எண் வீட்டில் விளக்கு எரிந்தது. 31ஆம் தேதி ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்து வரும்போது எண்ணிப் பார்த்தேன்: பன்னிரண்டில் ஒன்பது வீடுகளில் விளக்கு. கடல் பக்கச் சாலை முழுவதும் அப்படி வெளிச்சமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். தோமாசி தாத்தா மகன் வீட்டின் முன் நின்று, அடுப்பில் ஏதோ வேகிறது என்பதுபோல் மோப்பம் பிடித்தார்.

11. ஒன்பது வீடுகளில் ஒன்று நான்காம் எண். அது தங்கள் தம்பி லகி சின்ன மாமாவின் வீடு. அவர் தீவை விட்டுப் போய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. அதன் சாவி ஒன்றே ஒன்றுதான்; அது நம் சமையலறைக் கதவருகே உள்ள ஆணியில், தாங்கள் மட்டும் எட்டும் உயரத்தில் தொங்குகிறது என்பதை மன்றத்தின் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன். இது குறித்து நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

12. தீர்மானத்தின் சொற்படி பார்த்தால் அந்த ஒன்பது வீடுகளும் இப்போது பட்டியலிலிருந்து நீங்கியாக வேண்டும். ஆனால் அப்படிக் கோர எனக்கு மனம் வரவில்லை. விளக்கு போட்டதால் கூரைத் தகடு இறுகிவிடாது. அடுத்த புயலில் இன்னொருவர் தோள் முறிந்தால் அந்தப் பழி என் மீட்டரைத்தான் சேரும். அளவுகோலே தவறு. ஒரு வீட்டில் ஆள் இல்லை என்பதை மீட்டர் காட்டும். அந்த ஆள் வருவாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். நாம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது:

15ஆம் தேதி புல்டோசரை ஹலாமாதாவுக்கு அழைக்காமல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய கடைசி விமானம் வந்து இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் புயல் காலம் தொடங்கிவிடும் என்பதால், பன்னிரண்டு வீடுகளின் கூரைகளையும் கயிறும் மணல் மூட்டையும் கொண்டு கட்டித் தருவதாகக் கைதூக்கிய எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மோகா பெரியம்மா தாமே ஏணியில் ஏறுவதாகச் சொல்கிறார். அதை மட்டும் மன்றம் தடுக்க வேண்டும்.

பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மன்றத்தின் பெயரில் ஒரே கேள்வி கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும்: திரும்பி வருகிறீர்களா, இல்லையா? வரவில்லை என்று எழுதுபவர்களின் வீட்டை அடுத்த முறை புல்டோசர் வரும்போது இடித்துவிடலாம். ஏழாம் எண்ணுக்கும் இதே விதி பொருந்தும். அப்படி ஒரு பதில் வந்தால், அதை நடவடிக்கைக் குறிப்பில் நானே எழுதுவேன்.

கடிதங்களை எழுதும் வேலையையும் நானே ஏற்று, பதினொன்றை முடித்துவிட்டேன். ஏழாம் எண் கடிதத்தை மட்டும் தாங்கள் தங்கள் கையால் எழுத வேண்டும். நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பேசுகிறோம்; அந்தக் கேள்வியை ஒரு முறைகூட என்னால் கேட்க முடிந்ததில்லை. மகள் கேட்டால் அவர், "பாப்போம்டி கண்ணு" என்று சொல்லிவிடலாம். மன்றத் தலைவர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் தங்கள் அக்கா என்பதால் எப்படிக் கேட்பது என்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த மனுவின் மீதான முடிவைச் சாப்பாட்டு வேளையில் சொல்லாமல், ஊரில் மற்றவர்களுக்குத் தருவதுபோல் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்ளும்,

தங்கள் கிராமத்தில் வசிக்கும்,
லுபே கலாவுனி
(கையொப்பம்)

இடம்: ஹலாமாதா
நாள்: 2.9.2025, செவ்வாய்

இணைப்பு:
அ. 7.8.2025 நடவடிக்கைக் குறிப்பின் நகல்.
ஆ. எழுதி முடித்த கடிதங்கள் பதினொன்று, தங்கள் கையொப்பத்துக்காக.
இ. ஆக்லாந்து முகவரி எழுதிய வெற்று உறை ஒன்று.