பெண், அழுகை

மார்ச் 4
லென்ஸ் மூடியைத் தொலைத்தாயிற்று. இந்த மாதத்தில் இரண்டாவது.

மார்ச் 6
தையல்கார அக்கா போன் செய்தார். மூன்று வருடம் முன்பு துணி ஆலை தீப்பிடித்தபோது, அங்கே வேலை பார்த்த தம்பியைப் பறிகொடுத்து வாசலில் அழுதவர். எங்கள் பேப்பருக்காக நான்தான் படம் எடுத்தேன். கேட்டுத்தான் எடுத்தேன். "என் தம்பிக்காக எடுத்துக்கம்மா" என்றார்.

"இன்னிக்குப் பேப்பர் பாத்தியாம்மா?"

ஏழாம் பக்கம். 'போதை சீரழித்த குடும்பங்கள்.' அரைப் பக்கத்துக்கு அவர் முகம். கீழே எறும்பெழுத்தில் 'கோப்புப் படம்'.

"துணி குடுக்க வர்றவங்கல்லாம் உன் வீட்ல யாருக்குப் போதைனு கேக்குறாங்க. என் தம்பி டீகூடக் குடிக்க மாட்டான்."

"நாளைக்கே ஆபீஸ்ல கேக்குறேன்க்கா" என்றேன்.

மார்ச் 7
படப்பிரிவுத் தலைவர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அதான் 'கோப்புப் படம்'னு போட்டிருக்கோமே மேடம். படம் ஆபீஸ் சொத்து. சேரும்போது கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

போட்டேன். படத்துக்குப் போட்டேன். அந்த அழுகைக்கு யார் கையெழுத்துப் போட்டது?

மார்ச் 8
பக்க வடிவமைப்பாளரை ஒரு பிடி பிடிக்கலாமென்று போனேன். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். படத்தைக் கணினியில் சேர்த்தபோது நான் எழுதிய குறிப்பு: 'பெண், அழுகை'. அவ்வளவுதான். பெயர் இல்லை, தீ இல்லை, தம்பி இல்லை.

"அழுற பொம்பளைனு தேடினேன், வந்துச்சு. என்மேல என்ன தப்பு?"

அன்று வீட்டுக்குப் போகிற அவசரம். ச்சே — பேரில்லாமல் அவரை உள்ளே தள்ளிவிட்டு வந்தது நான்தானே?

மார்ச் 9
அக்காவிடம் எல்லாம் சொன்னேன், என் தப்பையும். நான் கேட்டால் நடக்காது, நீங்களே வந்து கேட்டால் திருத்தம் போடுவார்கள் என்றேன். "சரி. நான் எங்க வரணும்?"

மார்ச் 11
கூட்டிக்கொண்டு போய்த் தலைவர் எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"யாரு இவங்க?"

"உங்க கோப்புப் படம், சார்."

அக்கா அழவில்லை. "என் தம்பி எப்படிச் செத்தான்னு போடுங்க. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றவர், பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தார்.

மூன்றாவது பட்டனில் தலைவர் இறங்கி வந்தார்.

மார்ச் 12
அதே ஏழாம் பக்கத்தில் திருத்தம். தம்பி பெயரோடு, வருத்தத்தோடு.

எனக்கு மெமோ. லென்ஸ் துடைக்கக்கூட உதவாது, தாள் சொரசொரப்பு.

ஏப்ரல் 20
பதினாலு வருடப் படங்கள். தினமும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், 'பெண், அழுகை' என்றிருப்பதையெல்லாம் அழித்து எழுதுகிறேன். யார், எங்கே, எதற்காக. கடைசியில்: 'வேறு செய்திக்கு ஆகாது.' படம் அவர்களுடையதாகவே இருக்கட்டும். குறிப்பு எழுதுவது என் வேலை.

மே 17
"மேடம்! அழுற பொம்பளைனு தேடினா ஒண்ணுமே வர மாட்டேங்குது!" வடிவமைப்பாளர், ஆபீஸே திரும்பிப் பார்க்கும்படி.

"யாரைத் தேடுறீங்க? பேரைச் சொல்லுங்க" என்றேன்.