பெயின்ட் காயும் வரை

காலையிலிருந்து என் விரல்களில் வெள்ளை எனாமல் பெயின்ட் வாடை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்பாசமுத்திரத்தில் உன் அண்ணன் வீட்டுப் புறவாசலில், கறுப்பு டிரங்குப் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, புது ஊர் முகவரியை நானே எழுதினேன். என் பெயர், பதவி, எங்கிருந்து, எங்கே. மேஜர் என்ற சொல் கோணிக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இது உன் வேலை. ஒவ்வொரு மாற்றலுக்கும் பழைய முகவரியைக் கறுப்படித்து மறைத்துவிட்டு, புதியதை நீதான் எழுதுவாய். என்னிடம் பிரஷ்ஷைக் கொடுத்ததே இல்லை. "துப்பாக்கி பிடிச்சா நடுங்காதுங்கீய, ஒரு எழுத்து எழுதச் சொன்னா கை இந்த ஆட்டம் ஆடுது" என்பாய்.

பெயின்ட் காயும் வரை பெட்டியைத் தொடக்கூடாது. மற்ற சாமான் எல்லாம் கட்டியாகியிருக்கும். வீட்டில் செய்ய வேறு வேலை இருக்காது. அந்த நேரம் பார்த்து உன்னை முக்காலியில் உட்காரவைத்து நான் பரீட்சை வைப்பேன். எங்கள் யூனிட்டில் மூத்தவர்கள், புதிதாகக் கல்யாணமான அதிகாரிக்குச் சொல்லிக் கொடுக்கிற பழக்கம் அது. தான் திரும்பி வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் ஒப்பிக்கவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"முதல் போன் யாருக்கு?"

"யூனிட் ஆபீசுக்கு. எங்க அண்ணனுக்கு இல்ல."

"விபத்துக் காப்பீட்டுத் தாள் எங்கே?"

"பச்சை ஃபைலு, முதல் பை."

"யாராவது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால்?"

"படிச்சுப் பாக்காமப் போட மாட்டேன். எல்லாம் சரி, அழுகதுக்கு எந்தப் பை மேஜர் அண்ணாச்சி? அதைச் சொல்லவே இல்லியே."

உன் அண்ணனின் உரக்கடைக்கு வருகிறவர்கள் அவரைக் கூப்பிடுகிற அதே இழுவையில் அந்த அண்ணாச்சியைச் சொல்வாய். எனக்குக் கோபம் வரும். சிரிப்பும் வந்துவிடும். கடைசியில் சிரிப்புதான் ஜெயிக்கும்.

அந்தக் காப்பீடு அதிகாரிகள் எல்லாருக்குமாகச் சேர்த்துப் போட்டது. சண்டை இல்லாத நாளிலும் எங்கள் வேலையில் சாவுக்கு வழி உண்டு. ஜீப் பள்ளத்தில் உருளும். பனி சரியும். அதனால் சம்பளத்தில் பிடிக்கும்போது யாரும் முணுமுணுத்ததில்லை. மனைவி, பிள்ளைகளையும் சேர்க்கலாம் என்றார்கள். சேர்த்தேன். ரயில் டிக்கெட் எடுக்கும்போது பயணக் காப்பீட்டுக்கும் சரி என்று தட்டிவிடுவோமே, அந்த அளவு யோசனைதான்.

நீ அதை விடவில்லை. போன மாற்றலின்போது, பெயின்ட் பாதிகூடக் காயவில்லை, முக்காலியிலிருந்து எழுந்து என்னை அதில் உட்காரவைத்தாய்.

"இப்ப நான் செத்துப்போனேன். நீங்க என்ன செய்வீய, சொல்லுங்க பாப்போம்."

"அப்படியெல்லாம் நடக்காது" என்றேன்.

"நடக்காதுன்னா என் பேரை என்னத்துக்குச் சேத்தீய? சரி, மவளுக்கு எந்த மாத்திரை ஆகாது?"

எனக்குத் தெரியவில்லை. கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே என்று தெரியவில்லை. உன் அண்ணனிடம் எந்த நேரத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நீயே பதில் சொல்லி, நீயே எனக்கு முட்டை போட்டாய். கடைசிக் கேள்வி, அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்பது.

"கோபம்" என்றேன்.

"இல்ல. பயம். அவ கோவத்துல கத்துவா. பயந்தாத்தான் வாய மூடுவா. இதையாவது ஞாபகம் வச்சுக்கிடுங்க." அப்புறம் மறுபடியும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாய். நானும் சிரித்து, மறந்து போனேன்.

பங்குனியில் ஒரு கல்யாணத்துக்காக இங்கே வந்தீர்கள் நீயும் மகளும். வீரவநல்லூரில் யாருக்கோ புடவை கொடுக்க வேண்டும் என்று அண்ணனின் ஸ்கூட்டரை எடுத்தாய். உளுந்து அறுப்புக் காலம். சாலை நெடுக உளுந்தஞ்செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் மணி உதிர்ந்துவிடும், மாடு பூட்ட வேண்டாம். நீ சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்த காட்சிதான். மெதுவாகப் போகச் சொல்லி, "பையப் போ டீ" என்று அண்ணன் சொன்னாராம். திருப்பத்தில் சக்கரம் செடியில் வழுக்கியது, எதிரே லாரி. யாரை நான் திட்டுவது? ஊரே அப்படித்தான் காயப்போடுகிறது. நான் கண்ணிவெடிக்கும் பனிச்சரிவுக்கும் பயந்து பயந்து உனக்குப் பாடம் நடத்தினேன். உன்னைக் கொண்டுபோனது உளுந்து.

முதல் போன் எனக்குத்தான் வந்தது. குண்டு விழாத, பனி பெய்யாத ஒரு பயிற்சிப் பள்ளியில் டீ டம்ளரோடு நின்றிருந்தேன். உன் அண்ணன் சொன்னதைக் கேட்டேன். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

இப்போது மாற்றல் வந்திருக்கிறது. எல்லை மலை முகாம், குடும்பத்துக்கு இடமில்லாத ஊர். போக மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் விடுவிக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அங்கேதான் இருக்க வேண்டும். நம் மகள் இங்கே அண்ணன் வீட்டில் இருந்து பதினொன்றாம் வகுப்புப் படிப்பாள். பச்சைக் கோப்பில் இரண்டு தாள்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. ஒன்று, உன் விபத்துக்கு நான் காப்பீடு கேட்கும் தாள். மற்றது, எனக்கு ஏதாவது ஆனால் யாருக்குச் சேர வேண்டும் என்பது. அதில் உன் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட வேண்டும். நான் கிளம்பும் முன் போடாவிட்டால், அங்கே எனக்கு ஏதாவது நேர்ந்தால் அந்தப் பிள்ளை ஆபீஸ் ஆபீஸாக அலையும். எல்லாம் தெரியும். பேனாவைத் திறந்தால் கை வரவில்லை. உன் பெயரை நானே எடுக்க வேண்டுமாம். அது மட்டுமா? அவளை முக்காலியில் உட்காரவைத்து, அப்பா செத்தால் முதல் போன் யாருக்கு என்று கேட்க வேண்டுமாம். கண்ணிவெடி மேல் கால் வைத்தவன் காலை எடுக்கவும் முடியாது, அங்கேயே நிற்கவும் முடியாது. நான் அப்படித்தான் நிற்கிறேன்.

உன் அண்ணன் நேற்றும் வந்து நின்றார். "மாப்ள, அவளுக்குக் காப்பாளரா நான் எங்கன கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க, போட்டுட்டுக் கடைக்குப் போறேன். பொறவு பாப்போம்னு மட்டும் சொல்லாதீய." பொறவு பார்ப்போம் என்றுதான் சொன்னேன்.

அவளோ, மாற்றல் வந்த நாளிலிருந்து என்னிடம் பேசவில்லை. விட்டுவிட்டுப் போகிறேன் என்று என்மேல் கோபம். நியாயமான கோபம் என்று நானும் எட்டியே நின்றேன்.

இன்று காலை எழுதி முடித்துப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் சமையலறையிலிருந்து முக்காலியைத் தூக்கி வந்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "கேளுங்கப்பா" என்றாள்.

நான் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கிக்கொண்டே இருந்தேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, தானே சொல்ல ஆரம்பித்தாள். "முதல் போன் யூனிட் ஆபீசுக்கு. மாமாவுக்கு இல்ல. பச்சை ஃபைலு, முதல் பை. படிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போட மாட்டேன்." உன் இழுவை மாறாமல் அப்படியே ஒப்பித்தாள். "எத்தனை வருசமாக் கேக்கேன். கதவுக்கு அந்தப் பக்கந்தான நான் இருப்பேன்."

அப்புறம் எழுந்து முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"இப்ப அம்மா கேட்டதை நான் கேக்கேன். எனக்கு எந்த மாத்திரை ஆகாது?"

சொன்னேன். உன்னைப் பார்க்க நான் வந்து சேர்ந்த அன்று, ஆஸ்பத்திரியில் மயங்கி விழுந்த இவளுக்கு ஊசி போடும் முன் நர்ஸ் அதைத்தான் கேட்டாள். உன் குரல்தான் என் காதில் பதில் சொன்னது.

"கேஸ் புக்?"

"சாமி படத்துக்குப் பின்னால்."

"நான் பேசாம இருந்தா என்ன அர்த்தம்?"

கோபம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நீ என்னை முக்காலியில் உட்காரவைத்த அந்த நாள் சட்டென்று ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் ஒரே வீட்டுக்குள் இந்தப் பிள்ளை தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறது.

"பயம்" என்றேன்.

அவள் முகம் கோணியது. "பாஸ்" என்று சொல்லிவிட்டு என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். உன் அண்ணன் கதவு வரைக்கும் வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கடைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்துத்தான் போட்டேன். என் பயம் எங்கேயும் போய்விடவில்லை. அவளுடையதும் போகவில்லை. அவள் பயப்படுகிறாள் என்று தெரிந்தும் நாளை நான் ரயில் ஏறத்தான் போகிறேன்.

பெயின்ட் காய்ந்துவிட்டது. பெட்டியைத் தூக்க மூடியில் கை வைத்தால், கறுப்புக்கு அடியில் நீ எழுதிய பழைய ஊர்கள் எல்லாம் மேடு மேடாகத் தட்டுப்படுகின்றன. நீ கேட்டாயே, அழுவதற்கு எந்தப் பை என்று. நான் கடைசி வரை பதில் சொல்லவே இல்லை. உன் மகள் இன்று அதை என் தோளில் கண்டுபிடித்துவிட்டாள். அந்தத் தோளைத்தான் நாளை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகிறேன்.